புதுப்பிப்பு: மானியத்துக்கான பண்ணைத் திட்டம் ஏற்கப்பட்டது

மானியத்துக்கு விண்ணப்பிக்க, மண்ணையும் நீரையும் எப்படிக் காப்போம் என்று பண்ணைக்கு ஒரு திட்டம் எழுதித் தரச் சொல்கிறார்கள், எங்கே தொடங்குவது என்று முன்பு கேட்டிருந்தேன். நீங்கள் சொன்னபடி வரைபடத்தில்தான் தொடங்கினேன்: வயல், வரப்பு, ஓடை, கிணறு, சரிவு எல்லாம் ஒரே தாளில். அதற்கப்புறம் எழுதுவது சுலபமாகிவிட்டது.

அதிக நேரம் பிடித்தது உரக் கணக்கு. மண் பரிசோதனைக்கு வயலில் வளைந்து வளைந்து நடந்து, பல இடங்களில் 15 செ.மீ. ஆழம் வரை எடுத்துக் கலந்தோம். எருக்குழி, மரநிழல், வரப்போரம் தவிர்த்தோம். பிறகு பயிருக்குத் தேவையான சத்தில் தொழுவுரமும் பயறு வகைப் பயிரும் தருவதைக் கழித்து, மிச்சத்துக்கு மட்டும் உரம். 100 கிலோ யூரியாவில் தழைச்சத்து (நைட்ரஜன்) 46 கிலோதான் என்பதை மறந்துவிடாதீர்கள். மூட்டை எடையை அப்படியே எழுதினால் கணக்கே மாறிப்போகும்.

சரிபார்க்க வந்தவர் 'நீரைச் சேமிப்போம்' போன்ற வரிகளைக் கண்டுகொள்ளவே இல்லை. எந்த வயல், எந்தப் பருவம், எதைப் பார்த்து உறுதி செய்வது, இவைதான் அவருடைய கேள்விகள். ஓடையோரம் உழாமல் விடும் புல் பட்டையின் அகலத்தைக்கூட வரைபடத்தில் குறிக்கச் சொன்னார். நியாயம்தான்.

உரம், தெளிப்பு, பாசனப் பதிவேட்டை அன்றன்றே எழுதுங்கள். பில்களையும் அதிலேயே ஒட்டிவிடுங்கள். செய்ய முடியாததை அழகுக்காகத் திட்டத்தில் சேர்க்காதீர்கள், ஆய்வில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.