முழுநேரக் கலைஞர் அல்லாதவர்களின் பியானோ கச்சேரி: கேட்டவர்கள் எழுதுங்கள்

போன வாரம் கேட்ட கச்சேரி இன்னும் காதைவிட்டுப் போகவில்லை. வாசித்தவர் தொழிலால் மயக்கவியல் மருத்துவர். எடுத்துக்கொண்டது ஷூபர்ட்டின் கடைசி பியானோ சொனாட்டா (பல பிரிவுகள் கொண்ட தனி உருப்படி), பி ஃபிளாட் மேஜர், பட்டியல் எண் டி.960. 1828 செப்டம்பரில் முடித்தார், நவம்பர் 19-ல் போய்ச் சேர்ந்துவிட்டார், வயது 31. விரல் வேகத்தைக் காட்டிக் கைதட்டு வாங்குகிற உருப்படி இல்லை இது. நோட்ஸைப் பார்த்தால் சுலபம் என்றே தோன்றும். வம்பே அதுதான், ஒரு சுரம் தடித்தாலும் ஊருக்கே தெரியும்.

எட்டாவது பாரில் (தாளக் கட்டத்தில்), இடது கைப்பக்கம் அடியாழத்தில் ஜி ஃபிளாட் மேல் ஒரு டிரில் வரும். அடுத்தடுத்த இரண்டு கட்டைகளை மாறி மாறி அதிர வைக்க வேண்டும், அதுவும் பியானிசிமோவில், அதாவது மிக மெல்ல. பலர் கையில் அது வெறும் உறுமலாகக் கடந்துவிடும். கிராண்ட் பியானோவில் கட்டை முழுசாக மேலே எழும்புவதற்குள்ளேயே சுத்தியலை மறுபடி அடிக்க வைக்கலாம். இவர் விரலைக் கட்டையைவிட்டு எடுக்கவே இல்லை. முன்வரிசையில் இருந்த எனக்கே சுரம் தனித்தனியாகக் கேட்கவில்லை, தரை லேசாக நடுங்கிய மாதிரிதான் இருந்தது. பிறகு வரும் நிறுத்தத்தையும் அவசரப்படாமல் முழுசாக விட்டார்.

ஆனால் நான் எழுத வந்தது வேறு. முதல் மூவ்மென்டில், அதாவது சொனாட்டாவின் முதல் பிரிவில், ஆரம்பப் பகுதி முடியும் இடத்தில் 'மறுபடி ஆரம்பத்திலிருந்து' என்று ஷூபர்ட் குறி போட்டிருக்கிறார். அதைப் பின்பற்றினால் அந்த மூவ்மென்ட் மட்டுமே இருபது நிமிஷத்தை ஒட்டி ஓடும். ஆல்ஃபிரட் பிரெண்டல் போன்ற பியானோ மேதையே அதை விட்டுவிட்டுத்தான் வாசித்தார். அந்தத் திருப்பத்துக்கென்றே ஒன்பது பார் தனியாக எழுதி வைத்திருக்கிறார் ஷூபர்ட். திரும்பிப் போனால்தான் அவை காதில் விழும். அதுவரை முணுமுணுத்துக்கொண்டிருந்த டிரில் அங்கேதான் ஃபோர்டிசிமோவில், முழுச் சத்தத்தில், வெடிக்கும். டாக்டர் ஆரம்பத்துக்குத் திரும்பிப் போனார்! நேரம் போகிறதே என்று பயப்பட அவருக்கு என்ன இருக்கிறது? அடுத்த ஒப்பந்தமா, பத்திரிகை விமர்சனமா?

குறையும் உண்டு. இரண்டாம் மூவ்மென்டில் இடது கை வலது கையைத் தாண்டிப் போய்ப் போய் வரும் இடமெல்லாம் அழகு. கடைசியில் வரும் பிரெஸ்டோவில்தான் (அதிவேகப் பகுதியில்) கை ஓய்ந்துவிட்டது, கொஞ்சம் சுரங்கள் உதிர்ந்தன. நாள் முழுக்க வாசித்தே பழகியவர்களுக்கும் இவருக்கும் வித்தியாசம் தெரிந்தது அங்கே மட்டும்தான். ரசனையில் இல்லை, தெம்பில்.

——

நான் கேட்டவன் இல்லை, பக்கம் புரட்டியவன். வாசித்தவர் கணக்குத் தணிக்கையாளர், உருப்படி பிராம்ஸின் ஓபஸ் (படைப்பு எண்) 117, 1892-ல் எழுதிய மூன்று இன்டர்மெட்சோக்கள், அதாவது சிறு பியானோ உருப்படிகள். முதலாவதில் மெட்டு மேலே இருக்காது, நடுவில் புதைந்திருக்கும். மேலும் கீழும் ஈ ஃபிளாட் அடித்துக்கொண்டே இருக்கும். மெட்டையும் மேலே உள்ள ஈ ஃபிளாட்டையும் ஒரே கைதான் பார்த்துக்கொள்ள வேண்டும், ஆனால் மேலே இருப்பது மெட்டை அமுக்கிவிடக் கூடாது.

அவருடைய நோட்ஸில் பென்சில் படாத இடமே இல்லை. எந்த விரல் என்பதற்கு 4 என்று எழுதி, அழித்து, 5 என்று போட்டு, அதையும் அடித்து மறுபடி 4. ஓரிடத்தில் காகிதம் தேய்ந்து ஓட்டையே விழுந்துவிட்டது. ஒரு வரிமேல் பெரிய எழுத்தில் 'சுண்டுவிரல், சும்மா இரு!' புரட்ட நின்ற நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சீசன் முழுக்க ஊர் ஊராகப் பறக்கிற கலைஞருக்கு, ஒரே பக்கத்தோடு இத்தனை காலம் மல்லுக்கட்ட நேரம் எங்கே?

——

'அமெச்சூர்' என்றதும் ஏதோ சலுகை கொடுத்துக் கேட்பது எனக்கு எரிச்சல். ஹெல்முட் ஷ்மிட் மேற்கு ஜெர்மனியின் சான்சலராக இருந்த காலத்திலேயே மோட்சார்ட் மூன்று பியானோக்களுக்கு எழுதிய கன்செர்ட்டோவை (இசைக்குழுவோடு சேர்ந்து வாசிப்பது) எஷென்பாக், ஃபிரான்ட்ஸ் என்ற இரண்டு பியானோ கலைஞர்களோடும் உட்கார்ந்து பதிவு செய்தார். அமெரிக்காவின் வான் கிளைபர்ன் அறக்கட்டளை 35 வயது நிரம்பிய அமெச்சூர்களுக்கென்றே 1999-ல் தனிப் போட்டி ஆரம்பித்தது. அங்கே வருகிறவர்கள் யாரும் சலுகை கேட்டு வருவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் முதலில் எழுதியவரோடு உடன்பாடில்லை. பிரெண்டல் நேரத்துக்குப் பயந்து விட்டவர் இல்லை. அந்த ஒன்பது பார் மூவ்மென்டின் அமைதியையே கெடுக்கிறது என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

——

முதலில் எழுதியவன்தான். பிரெண்டல் பற்றி நீங்கள் சொல்வது சரி. ஆனால் கெடுக்கட்டுமே! கெடுக்கத்தானே ஷூபர்ட் எழுதினார்? ரஷ்யப் பியானோ கலைஞர் ரிக்டர் திரும்பிப் போய் வாசித்ததையும் ஒரு தடவை கேட்டுவிட்டு வாருங்கள், சண்டையைத் தொடரலாம்.