பிளாஸ்மா மாற்றுச் சிகிச்சை: செய்துகொண்டவர்களும் உடன் இருந்தவர்களும் எழுதுங்கள்

ஈரோட்டு மகன்:
அம்மாவுக்கு சி.ஐ.டி.பி. நோய். உடம்பின் எதிர்ப்பாற்றலே நரம்புகளின் மேலுறையைத் தாக்கிக் கைகால்களைத் தளரவைக்கும் நோய் அது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றிவிட்டது, இரண்டாம் முறை ஐ.வி.ஐ.ஜி. (நரம்பு வழியாக ஏற்றும் எதிர்ப்பொருள் ஊசி) போட எங்களிடம் பணம் இல்லை. ஆகவே ஒருநாள் விட்டு ஒருநாளாக ஐந்து முறை பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியை, இயந்திரத்தால் பிரித்தெடுத்துவிட்டு மாற்றுத் திரவம் ஏற்றலாம் என்று நரம்பியல் மருத்துவர் முடிவு செய்தார். மூன்றாம் முறை நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கிய பையில் அம்மாவின் பிளாஸ்மா சேர்ந்துகொண்டே இருந்தது. செக்கில் ஆட்டிய கடலை எண்ணெயின் நிறம். 60 கிலோ எடை உள்ளவருக்கு ஒரு தடவைக்கு ஏறத்தாழ இரண்டரை லிட்டர் எடுப்பார்கள் என்று முன்பே சொல்லியிருந்தும், அத்தனையும் ஒரே உடம்பிலிருந்து வந்தது என்று கண்ணால் பார்த்தபோது என் கால்கள் தளர்ந்தன. அப்போது அம்மா, “உதட்டுல எறும்பு ஊருது கண்ணு” என்றார். பயத்தில் சொல்கிறார் என்று எண்ணி, “ஒண்ணுமில்லைம்மா, கண்ணை மூடிக்கோங்க” என்று சொல்லிவிட்டேன். சில நிமிடங்களில் அவருடைய விரல்கள் உள்நோக்கி மடங்கி இறுகின. செவிலியர் ஓடிவந்து கால்சியம் குளுக்கோனேட் ஏற்றிய பிறகே விரல்கள் விரிந்தன. ரத்தம் உறையாமல் இருக்கச் சேர்க்கும் சிட்ரேட், ரத்தத்தில் உள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்கிறது என்பதையும், உதட்டு மதமதப்புதான் அதன் முதல் அறிகுறி என்பதையும் அதன் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஐந்து முறையும் முடிந்தபின் அம்மா தன் கையால் சோறு பிசைந்து சாப்பிட்டார். ஆனாலும் அவர் சொன்னதைக் கேட்காமல் கண்ணை மூடச் சொன்னது இன்றும் என்னை உறுத்துகிறது.

முடக்குவாதத்துடன் 14 ஆண்டுகள்:
உங்கள் அம்மா தானே சாப்பிட்டதைப் படித்து மனம் நிறைந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு என்னைப் போன்ற மூட்டு நோயாளிகள் கிளம்பிவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். ஒரு தனியார் மையத்தில், நாள்பட்ட அழற்சி எதுவானாலும் ரத்தத்திலிருந்து கழுவி எடுத்துவிடலாம் என்றார்கள். இரண்டு வளையல்களை விற்றுப் பணம் கட்டினேன். நான்காம் முறை முடிந்த மறுநாள் காலை, பால் பாக்கெட்டின் முனையைக் கிழிக்கக்கூட விரல் மடங்காமல் சமையலறையில் நின்றேன்; என் மகள் வந்து கத்தரிக்கோலால் வெட்டிக் கொடுத்தாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு அரசு மருத்துவமனையில் பார்த்த வாதநோய் மருத்துவர்தான் விளக்கினார். முடக்குவாதத்துக்கு இதை முறையாகச் சோதித்து 1983-லேயே முடிவு வெளியிட்டிருக்கிறார்கள். ரத்தப் பரிசோதனை எண்கள் குறைந்தன, நோயாளியின் மூட்டுகளில் பலன் இல்லை. லூபஸ் என்ற எதிர்ப்பாற்றல் கோளாறால் வரும் சிறுநீரக அழற்சியிலும் 1992-இல் அதே ஏமாற்றம்தான். எண் குறைந்த தாளைக் காட்டித்தான் என்னிடம் நான்கு முறையும் பணம் வாங்கினார்கள்.

அபெரிசிஸ் (பிளாஸ்மா பிரிக்கும்) அறை ஊழியர்:
சகோதரி, உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் தவறு சிகிச்சையில் இல்லை, பொருந்தாத நோய்க்கு அதை விற்றதில் இருக்கிறது. கில்லன் பாரே (திடீரென்று கைகால் தளரும் நரம்பு நோய்), மயஸ்தீனியா நெருக்கடி (தசை பலவீனத்தால் மூச்சே திணறும் நிலை), டி.டி.பி. (சிறு ரத்தநாளங்களில் ரத்தம் உறையும் நோய்) போன்றவற்றில் இது முதல்நிலைச் சிகிச்சை, சி.ஐ.டி.பி.யும் அந்த வரிசையில்தான் வருகிறது. ரத்தநாள அழற்சியில் எல்லோரும் நம்பிக்கை வைத்திருந்தபோது, 704 பேரைக் கொண்டு நடத்தி 2020-இல் வெளியான பெக்ஸிவாஸ் ஆய்வு, மரணத்தையும் சிறுநீரகச் செயலிழப்பையும் இது குறைக்கவில்லை என்று காட்டியது. ஆகவே நோயின் பெயரைக் கேட்காமல் “அழற்சி” என்று பொதுவாகப் பேசும் இடத்தை நம்ப வேண்டாம்.

என் அனுபவம் சிறியது. ஒரு பெரியவர் ரத்த அழுத்தத்துக்கு எனாலாப்ரில் சாப்பிடுவதைச் சொல்லவில்லை, நாங்களும் அழுத்திக் கேட்கவில்லை. எடுத்த பிளாஸ்மாவுக்குப் பதிலாக அல்புமின் என்ற புரதத் திரவத்தை ஏற்றத் தொடங்கியதும் முகம் சிவந்து அழுத்தம் சரிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அந்த மானிட்டர் எண் இறங்கிய வேகம் இப்போதும் கண்ணில் நிற்கிறது.

அதனால் சொல்கிறேன், மாத்திரை அட்டைகள் அனைத்தையும் பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். “பிரில்” என்று முடியும் மாத்திரைகளைக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு நிறுத்த வேண்டும், அதுவும் மருத்துவர் சொல்லித்தான். மற்ற மாத்திரைகளை முடிந்தவரை சிகிச்சைக்குப் பிறகு போடுவது நல்லது, இல்லாவிட்டால் சில மருந்துகள் பிளாஸ்மாவோடு பைக்குள் போய்விடும். ஐ.வி.ஐ.ஜி.யோ, எதிர்ப்பாற்றலை அடக்கும் ரிட்டுக்சிமாப் ஊசியோ போட்ட கையோடு பிளாஸ்மா மாற்றினால் போட்ட பணமும் அப்படியே வெளியேறும். இதற்காகக் கழுத்து ரத்தநாளத்தில் போட்ட குழாய் இருக்கும்போது குளிர் நடுக்கம் வந்தால் தொற்றாக இருக்கலாம், விடியும்வரை காத்திருக்காதீர்கள். அல்புமின் மட்டும் ஏற்றினால் ரத்தம் உறைவதற்கான ஃபைப்ரினோஜென் என்ற புரதம் குறைந்திருக்கும், எனவே குழாயை எடுத்த இடத்தை நெடுநேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஒருநாள் இடைவெளி ஏன் என்று எல்லோரும் கேட்கிறார்கள்: நாங்கள் எடுக்க நினைக்கும் ஐ.ஜி.ஜி. வகை எதிர்ப்பொருளில் ஏறத்தாழப் பாதிதான் ரத்தத்தில் இருக்கிறது, மீதி திசுக்களில் இருந்து ஓரிரு நாளில் ரத்தத்துக்குள் இறங்குகிறது. உடம்பு புதிதாக உண்டாக்குவதையும் தடுக்க வேறு மருந்து தொடர வேண்டும்.

ஈரோட்டு மகன்:
சகோதரி சொல்வதை நான் மறுக்கவில்லை. அம்மாவின் முன்னேற்றமும் மூன்று வாரம்தான் நின்றது. மறுபடி செருப்பு காலில் நிற்காமல் நழுவத் தொடங்கியதும் திரும்பச் சென்றோம், இப்போது எதிர்ப்பாற்றலை அடக்கும் அசாதியோபிரின் மாத்திரையும் சேர்த்திருக்கிறார்கள். இயந்திரத்தை இயக்குவதற்கு முன்பு அம்மா என் கையைப் பிடித்து, “கால்சியம் பக்கத்துல வெச்சிருக்காங்களா, போய்க் கேட்டுட்டு வா” என்கிறார். நான் கேட்டுவிட்டு வந்து சொன்ன பிறகே கண்ணை மூடுகிறார்.