கலைச்சொல்: ‘மாஸ் டிரக் அட்மினிஸ்ட்ரேஷன்’ (மூவர் எழுதிக்கொண்ட மடல்கள்; எண், எழுதியவரைக் குறிக்கும்)

மடல் 1
சிறு குழந்தைகளின் குடல் தொற்று பற்றிய கட்டுரைக்கு ‘மாஸ் டிரக் அட்மினிஸ்ட்ரேஷன்’ என்பதற்கு, அதாவது நோய் உண்டா என்று பாராமல் ஒரு பிரிவினர் அனைவருக்கும் மருந்து கொடுப்பதற்கு, தமிழ்ச் சொல் தேவை. ‘கூட்டு மருந்துச் சிகிச்சை’ பொருந்துமா?

மடல் 2
பொருந்தாது. கூட்டு மருந்து என்றால் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுப்பதாகவே படும். ‘சிகிச்சை’ அதைவிடச் சிக்கல். நைஜர், மலாவி, தான்சானியாவில் நடந்த ‘மோர்டோர்’ ஆய்வைப் பாருங்கள். மருந்து பெற்ற ஊர்களில் 1 முதல் 59 மாத வயதுள்ள குழந்தைகள் அனைவருக்கும் 6 மாதத்துக்கு ஒருமுறை அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். வயிற்றுப்போக்கு உண்டா என்று பார்த்துக் கொடுக்கவில்லை. நோயில்லாத பிள்ளைக்கும் போய்ச் சேர்வதை எப்படிச் சிகிச்சை என்பது? என் பரிந்துரை: ‘திரள் மருந்தூட்டம்’.

மடல் 3
திரள் சரி. ‘ஊட்டம்’ என்றால் வாசகர் சத்துணவுக்குப் போய்விடுவார். ‘திரள் மருந்தளிப்பு’ என்றால் ‘திரள் மருந்தளிப்புச் சுற்று’, ‘நான்காம் சுற்று’ என்று நீட்டவும் வரும்.

மடல் 1
எடுத்துக்கொள்கிறேன். அடுத்த வாக்கியம் இப்படி வந்திருக்கிறது: ‘நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து கொடுத்தபின் நுண்ணுயிர் எதிர்ப்பு கூடியது.’

மடல் 2
ஒரே ‘எதிர்ப்பு’ இரண்டு வேலை பார்க்கிறது. ‘நோய் எதிர்ப்பு சக்தி’ வந்தால் மூன்று. மருந்தை ‘ஆன்டிபயாடிக்’ என்றே விடுங்கள், மருந்துக்கு அடங்காத கிருமியின் குணத்தை ‘மருந்தெதிர்ப்பு’ என்னுங்கள். ‘தாங்குதிறன்’ வேண்டாம், மருந்தில் வளராமல் சற்றுநேரம் பிழைத்திருப்பதற்கு அது தனியே தேவைப்படும்.

மடல் 3
‘நுண்ணுயிர்க்கொல்லி’யும் கூடாது. அசித்ரோமைசின், பாக்டீரியாவில் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் ஒரு பகுதியில் (50எஸ் துணையலகு) ஒட்டிக்கொண்டு புரத உற்பத்தியைத் தடுக்கிறது. பெரும்பாலும் பாக்டீரியாவின் வளர்ச்சிதான் நிற்கிறது.

கட்டுரையில் இன்னொன்று. ‘குடல் தொற்று குறைந்தது’ என்று பொதுவாக எழுதினால் பிழை. அந்த ஆய்வில் நைஜர் குழந்தைகளின் குடலில் குறைந்தது, வயிற்றுப்போக்கு தரக்கூடிய கேம்பைலோபாக்டர் என்ற பாக்டீரியா. கூடியது, அசித்ரோமைசின் சேர்ந்த மேக்ரோலைடு வகை மருந்துகளுக்கான மருந்தெதிர்ப்பு மரபணுக்கள். குடற்புழுவுக்கு இந்த மருந்து வேலை செய்யாது. மேலும், வயிற்றுப்போக்கே இல்லாத பிள்ளையின் மலத்திலும் கேம்பைலோபாக்டர் இருக்கலாம். அதைத் தொற்றுநோய் என்னாமல் ‘குடல் குடியேற்றம்’ என்று பிரித்துவிட்டால் எண்ணிக்கை குழம்பாது.

மடல் 1
‘குடியேற்றம்’ மக்கள் இடம்பெயர்வாகத் தொனிக்காதா?

மடல் 3
‘குடல்’ முன்னால் நிற்கும்வரை தொனிக்காது. தனியாக விடாதீர்கள்.