உடற்கல்வி வகுப்பில் கூட்டு விளையாட்டு: போட்டியைக் குறைப்பது சரியா?

மைதானம் (உடற்கல்வி ஆசிரியர், வேளச்சேரி):
மாற்றுத்திறனாளி மாணவர்களும் சேர்ந்து படிக்கும் வகுப்புகளில், அவுட் ஆனவரை ஓரமாக உட்காரவைக்கும் ஆட்டங்களைக் குறைத்துக்கொண்டு, எதிரணி இல்லாமல் அனைவரும் சேர்ந்து ஒரே இலக்கை எட்டும் கூட்டு விளையாட்டுகளுக்கே முதலிடம் தர வேண்டும் என்று கருதுகிறேன். விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் இக்குழந்தைகளுக்கு மற்றவர்களுக்கு இணையான வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016-இன் 16-ஆம் பிரிவு. நடைமுறையில் அவர்கள் மரத்தடியில் அமர்ந்து ஸ்கோர் எழுதுகிறார்கள், அல்லது தோழர்களின் செருப்புக்கும் தண்ணீர் பாட்டிலுக்கும் காவல் இருக்கிறார்கள். இசை நாற்காலியில் முதலில் வெளியேறுவது மெதுவாக நகரும் குழந்தைதான். யாருக்குப் பயிற்சி அதிகம் தேவையோ, அந்தக் குழந்தைக்கே ஆடும் நேரம் மிகக் குறைவு. நாற்காலிக்குப் பதிலாகச் சாக்பீஸால் பெரிய வட்டங்கள் போட்டு, இசை நிற்கும்போதெல்லாம் ஒரு வட்டத்தை அழித்து, எஞ்சியவற்றுக்குள் அனைவரும் இடம்பிடிக்க வேண்டும் என்று விதியை மாற்றினால், எவரும் வெளியேற வேண்டியதில்லை.

தடகளம் (பயிற்சியாளர், அயனாவரம்):
ஐயா, உங்கள் அக்கறையை மதிக்கிறேன். தீர்வை ஏற்க முடியவில்லை. சேலம் மாவட்டத்து மாரியப்பன் தங்கவேலு பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் ரியோவில் தங்கமும், டோக்கியோவில் வெள்ளியும், பாரிஸில் வெண்கலமும் வென்றார். 2024 பாரிஸ் பாராலிம்பிக் பாட்மின்டனில் துளசிமதி முருகேசன் வெள்ளியும், மனிஷா ராமதாஸ் வெண்கலமும் பெற்றார்கள். இவர்கள் எவரும் போட்டியிலிருந்து ஒதுங்கி நின்று வளர்ந்தவர்கள் அல்லர். தோற்கவும் தோல்வியிலிருந்து எழவும் உள்ள உரிமையை மாற்றுத்திறனாளிக் குழந்தைக்கு மட்டும் மறுப்பது எப்படிச் சமத்துவமாகும்? மேலும், இவனால்தான் நமக்குக் கபடி இல்லாமல் போயிற்று என்று மற்ற பிள்ளைகள் நினைக்கத் தொடங்கினால், சேர்த்துவைக்க வந்த ஆட்டமே அவர்களைப் பிரித்துவிடும்.

மைதானம்:
நீங்கள் சொல்லும் வெற்றிகள் அனைத்தும் குறைபாட்டின் தன்மைக்கேற்ப வகைப்படுத்தப்பட்ட போட்டிகளில் கிடைத்தவை. துளசிமதியும் மனிஷாவும் கையில் குறைபாடு உள்ளவர்களுக்கான எஸ்.யு.5 என்ற ஒரே பிரிவில் ஆடியவர்கள். 40 பேர் உள்ள ஏழாம் வகுப்பில், சக்கர நாற்காலியில் வரும் ஒரே மாணவிக்கு அத்தகைய பிரிவு எங்கே இருக்கிறது? ஆட்டம் தொடங்கும் முன்பே அவளுடைய தோல்வி முடிவாகிவிடுகிறது. நான் பழைய பருத்திச் சேலை ஒன்றை விரித்து, சுற்றிலும் 12 பேரைப் பிடிக்கச் சொல்லி, நடுவில் பந்தைப் போட்டு, அது தரையில் விழாமல் எத்தனை முறை எழும்பி இறங்குகிறது என்று எண்ணச் சொல்கிறேன். பந்து எந்தப் பக்கம் உருள்கிறது என்பது, பார்வைக் குறைபாடுள்ள மாணவனுக்கும் துணியின் இழுவையிலேயே தெரிந்துவிடும். முந்தைய வகுப்பின் எண்ணிக்கையை மிஞ்சிவிட வேண்டும் என்ற ஆவேசம் எல்லோருக்கும் உண்டு.

பெரம்பூர் அம்மா:
என் மகளும் சக்கர நாற்காலியில் பள்ளிக்குச் செல்பவள். அவள் வகுப்பிலும் இந்தச் சேலை ஆட்டம் நடக்கிறது. ஒருநாள் முகம் வாடி வீட்டுக்கு வந்தாள். மற்றவர்கள் பந்தை விட்டபோது தோழிகள் கத்தித் தீர்த்தார்களாம். இவள் பக்கம் விழுந்தபோது மட்டும் ஒருவரும் எதுவும் சொல்லவில்லையாம். அந்தத் தனிச் சலுகைதான் அவளைச் சுட்டிருக்கிறது. போட்டியை எடுத்துவிட்டால் இரக்கமும் தானாகப் போய்விடும் என்று ஆசிரியர்கள் நம்பிவிடக் கூடாது. அதற்காகக் கபடிக்கே திரும்பினாலும், அவள் மறுபடி மரத்தடிக்குத்தான் போவாள்.

மைதானம்:
அம்மா, அது ஆட்டத்தை அமைத்த விதத்தில் உள்ள குறை. சேலையை எப்போது தூக்குவது என்று குரல் கொடுக்கும் பொறுப்பு ஒவ்வொரு சுற்றிலும் கைமாற வேண்டும். உங்கள் மகள் குரல் கொடுக்காமல் அவளுடைய சுற்று நகரக் கூடாது. இரண்டாம் உலகப் போரில் பார்வை இழந்த வீரர்களுக்காக 1946-இல் உருவான கோல்பாலைப் பாருங்கள். பந்துக்குள் மணிகள் இருக்கும்; அந்த ஒலியைக் கேட்டே ஆட வேண்டும். ஆடுபவர் அனைவரும் கண்களை மறைத்துக்கொள்ள வேண்டும். பார்வையுள்ள பிள்ளைகளும் அவ்வாறே ஆடும்போது, சலுகை காட்டும் இடத்தில் எவரும் இருப்பதில்லை.

தடகளம்:
கோல்பாலை முழுமனதாக ஏற்கிறேன், அது போட்டி என்பதால். எட்டாம் வகுப்பு வரை பாதி நேரத்தைக் கூட்டு ஆட்டத்துக்கு ஒதுக்குவதற்கும் உடன்படுகிறேன். அதற்கு மேல், மண்டலப் போட்டிக்குத் தயாராகும் பிள்ளைகளின் நேரத்தை எப்படி ஈடுசெய்வீர்கள்?

மைதானம்:
அந்தப் பிள்ளைகளுக்குக் காலையிலும் மாலையிலும் தனிப் பயிற்சி நடக்கிறது. என் மாணவிக்கு வாரத்தில் கிடைப்பது இந்த இரண்டு பாடவேளைகள் மட்டுமே.