ஜன்னலை அடைத்தும் புகை உள்ளே வருகிறது, என்ன செய்வது?

வணக்கம். கோலாலம்பூர், செந்தூலில் பழைய ஃபிளாட், ஏழாவது மாடி. ஒன்பது நாளாகப் புகைமூட்டம். அம்மாவுக்கு ஆஸ்துமா, இரவில் இருமல் நிற்கவில்லை.

காற்றில் உள்ள துகளை அளக்கும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். நேற்று இரவு பிஎம் 2.5 (நுரையீரல் வரை போகும் நுண்துகள்) வெளியே 85, ஹாலில் 70. எல்லா ஜன்னலும் சாத்திய நிலையில்! உலகச் சுகாதார நிறுவனம் 24 மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது என்கிறது.

ஏர்கோன் ஃபில்டரைக் கழுவினேன், பயனில்லை. அந்த வலை தூசியைத்தான் பிடிக்கும், இவ்வளவு நுண்ணிய துகளை அல்ல. கதவடியில் ஈரத்துணி, ஜன்னல் இடுக்கில் டேப். ஹெப்பா ஃபில்டர் (நுண்துகளையும் பிடிக்கும் வடிகட்டி) போட்ட காற்றுச் சுத்திகரிப்பான் (மணிக்கு 180 கன மீட்டர்) ஹாலில் ஓடினால் 55க்கு இறங்குகிறது, அதற்குக் கீழே போவதில்லை. ஊதுவத்தியையும் நிறுத்தியாச்சு, அதற்கு மீட்டர் எகிறுகிறது. அம்மாவுக்கு அதில் கோபம்.

அப்புறம்தான் சமையலறைச் சுவரைப் பார்த்தேன். மேலே இரண்டு வரிசை துவாரக் கற்கள், காற்றோட்டத்துக்காகக் கட்டும்போதே வைத்தது. குளியலறை எக்ஸாஸ்ட் விசிறியைப் போட்டுவிட்டு மெல்லிய டிஷ்யூ தாளைப் பிடித்தேன். உள்பக்கமாக வளைந்தது. விசிறி வெளியேற்றும் காற்றுக்கு ஈடாக அங்கிருந்து புகைக்காற்று நுழைகிறது. விசிறியை அணைத்தால் குறைகிறது, நிற்கவில்லை.

முழுக்க அடைக்கப் பயம், கேஸ் அடுப்பும் தொம்பும் (சிலிண்டர்) அங்கேதான்.

இதே மாதிரி ஃபிளாட்டில் இருப்பவர்களே, காற்றோட்டம் தடைபடாமல் அந்தக் கற்களில் துகளை மட்டும் தடுக்க எதைப் பொருத்தினீர்கள்?