தமாலேக்குக் குடிவருகிறீர்களா? தண்ணீரைப் பார்த்து வீடு பிடியுங்கள்

கேள்வி:
வணக்கம். கானாவின் வடக்கே தமாலேயில் விவசாயத் திட்டம் ஒன்றில் வேலை கிடைத்திருக்கிறது. மனைவி, நான்கு வயது மகளோடு ஜனவரியில் வருகிறோம். விசாரித்தவர்கள் எல்லோரும் அக்ராவைப் பற்றியே சொல்கிறார்கள். வீடு எங்கே பார்ப்பது, ஊரிலிருந்து என்ன கொண்டுவருவது, உடம்புக்கு எதில் கவனம் வேண்டும்? தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில்:
தம்பி, அக்ராக்காரர்கள் சொல்வதில் பாதி இங்கே செல்லாது. அக்ரா கடலோரம். தமாலே அங்கிருந்து சுமார் 600 கி.மீ. வடக்கே, சவன்னா சமவெளியின் நடுவே இருக்கிறது. தெற்கில் வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம். இங்கே ஒன்றுதான், மே முதல் அக்டோபர் வரை. அதன் பிறகு மாதக்கணக்கில் வானம் வறண்டு கிடக்கும். வடக்கு மாகாணத்தின் தலைநகர் என்பதால் அலுவலகங்கள், பெரிய ஆஸ்பத்திரி, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனங்கள் எல்லாம் இங்கேதான். 2021 கணக்கெடுப்பில் தமாலே மாநகரில் சுமார் 3.75 லட்சம் பேர். ஊரோடு ஒட்டிக்கிடக்கும் சக்னாரிகுவில் இன்னொரு 3.4 லட்சம். சின்ன ஊர் என்று நினைத்து வராதீர்கள்.

வீடு பார்க்கும்போது முதல் கேள்வி வாடகை இல்லை, தண்ணீர். ஊருக்கான தண்ணீர் வெள்ளை வோல்டா ஆற்றில் நவுனி என்ற இடத்தில் எடுக்கப்பட்டு, டாலூன் நிலையத்தில் சுத்திகரிக்கப்பட்டு, குழாயில் வருகிறது. பம்புகள் மின்சாரத்தில் ஓடுவதால் அங்கே கரண்ட் போனால் இங்கே குழாயும் நின்றுவிடும். இடத்தைப் பொறுத்து சில பகுதிகளில் தண்ணீர் அடிக்கடி வரும். மேட்டுப் பகுதிகளில் வாரக்கணக்கில் வராது. வீட்டுக்காரரிடம் கேட்டால் "தினமும் வரும்" என்றுதான் சொல்வார். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்: கடைசியாக என்றைக்கு வந்தது, எந்த நேரத்தில் வந்தது, எத்தனை மணி நேரம் நின்றது? வறண்ட மாதங்களில் எப்படி என்று தனியாகக் கேளுங்கள். மழைக்காலத்து நிலவரத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது.

"போர்வெல் இருக்கிறது" என்ற பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள். இந்தப் பகுதி முழுக்க வோல்டா படுகையின் களிப்பாறையும் மணற்பாறையும்தான். நிலத்தடி நீர் விரிசல்களில் மட்டும் நிற்கும். கொஞ்சம் தள்ளித் தோண்டினால் காய்ந்த குழியாகப் போகலாம். தண்ணீர் வந்தாலும் மார்ச்சில் வற்றிவிடக்கூடும். போர்வெல் உள்ள வீடென்றால் மோட்டாரைப் போட்டு அரை மணி நேரம் விடாமல் ஓடவிட்டுப் பாருங்கள். நடுவில் காற்று கக்கினால் அதை நம்ப முடியாது.

மூன்று பேருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 350 லிட்டர் வையுங்கள். 2,500 லிட்டர் பாலிடேங்க் (தொட்டிக்கு இங்கே இதுதான் பெயர்) ஒரு வாரம் தாங்கும். ஒரே தொட்டி, அதுவும் உயரமான ஸ்டாண்டின் மேல் மட்டும் இருந்தால் போதாது. குழாய் அழுத்தம் குறைவு, இரவில் மெல்லியதாக வரும் தண்ணீர் மேலே ஏறாது. தரையில் ஒரு தொட்டி, மேலே ஒரு தொட்டி, நடுவில் அரை குதிரைத்திறன் மோட்டார் என்று இருக்க வேண்டும். கீழ்த்தொட்டியில் ஃப்ளோட் சுவிட்ச் போட்டே ஆகணும். இல்லாவிட்டால் தொட்டி காலியான பிறகும் மோட்டார் சும்மா சுற்றி சீல் கருகிப் போகும். இங்கே பழுதாகும் மோட்டார்களில் பெரும்பாலானவை இப்படித்தான் போகின்றன. லாரித் தண்ணீர் வாங்கினால் எங்கே நிரப்பினார்கள் என்று கேளுங்கள். குடிநீர் நிறுவனத்தின் நிரப்புமிடத்துத் தண்ணீரும், ஊர்க்குட்டையில் உறிஞ்சி வரும் கலங்கல் தண்ணீரும் ஒன்றல்ல. குடிக்க அரை லிட்டர் பாக்கெட் 'பியூர் வாட்டர்' மூட்டையாகக் கிடைக்கும். வெயிலில் அடுக்கி வைத்த கடையில் வாங்காதீர்கள்.

முன்பணம் பற்றி: 1963ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நடைமுறையில் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்றுதான் கேட்பார்கள். வேலை தரும் நிறுவனமே வீட்டுக்காரரிடம் நேரடியாக ஒப்பந்தம் போட்டால் நல்லது. அது முடியாவிட்டால் ஒரு வருஷத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒரு வறட்சிக்காலத்தைப் பார்க்காமல் இரண்டு வருஷப் பணத்தைக் கட்டுவது அறிவில்லாத காரியம். வாங்கிய பணத்துக்கு ரசீது, தொட்டியும் மோட்டாரும் யார் பொறுப்பு என்ற ஒரு வரி, இரண்டும் எழுத்தில் இருக்கட்டும். தகரக் கூரைக்குக் கீழே சீலிங் இல்லாத வீட்டை மறந்துவிடுங்கள். மார்ச், ஏப்ரலில் பகல் 40 டிகிரியைத் தொடும், இரவும் தணியாது.

பதில்:
ஜனவரி என்றால் நேராக ஹர்மட்டான் காற்றில் வந்து இறங்குவீர்கள். சஹாராவிலிருந்து புழுதியை அள்ளிக்கொண்டு வரும் வடகிழக்குக் காற்று, நவம்பர் கடைசி முதல் பிப்ரவரி வரை. பார்வைத் தூரம் குறைந்து அக்ரா–தமாலே விமானங்கள் தாமதமாகும், சில நாள் ரத்தாகும். வந்த அன்றே தொடர் விமானம் பிடிக்கும்படி டிக்கெட் போடாதீர்கள். அக்ராவில் ஒரு இரவு தங்குங்கள். ஊருக்குத் திரும்பும்போதும் ஒரு நாள் முன்னதாகவே அக்ரா போய்விடுங்கள். பெட்டி அதிகமென்றால் பஸ் கம்பெனியின் சரக்குப் பிரிவில் அனுப்பலாம். குமாசி வழியாகப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும் பயணம். சின்னக் குழந்தையோடு முதல் தடவை பஸ்ஸில் வர வேண்டாம்.

இந்தக் காற்றில் உதடு, குதிகால் வெடிக்கும், குழந்தைகளுக்கு மூக்கில் ரத்தம் வரும். சந்தையில் விற்கும் ஷியா வெண்ணெய் போதும், வெளிநாட்டு க்ரீம் தேவையில்லை. காலை, இரவு மூக்குத் துவாரத்தில் லேசாகத் தடவுங்கள். கண்ணாடிப் பட்டை ஜன்னல் வழியே புழுதி உள்ளே வந்துகொண்டே இருக்கும். படுக்கையறையில் மட்டுமாவது இடுக்குகளை பிளாஸ்டிக் தாளால் ஒட்டிவிடுங்கள். மரச்சாமான் வாங்குவதை மழைக்காலம் வரை தள்ளிப்போடாமல் இப்போதே வாங்கினால், விரிசல் எங்கே விடுகிறது என்று கடையிலேயே தெரிந்துவிடும்.

பதில்:
சமையலறை பற்றி யாராவது சொல்வார்கள் என்று பார்த்தேன். அக்ராவிலிருந்து மாதாமாதம் இந்தியச் சாமான் வரவழைக்கும் வழக்கத்தை இங்கே கட்டிக்கொள்ளத் தேவையில்லை. நமக்கு வேண்டியதில் பாதி தமாலே சந்தையில் வேறு பெயரில் கிடக்கிறது. 'ப்ரா' என்று விற்பது புளிச்சகீரை. 'அலேஃபு' தண்டுக்கீரை வகை. முருங்கைக்கீரை தாராளம், ஆனால் காயை யாரும் பறித்து விற்பதில்லை, மரம் வைத்திருப்பவரிடம் கேட்டு வாங்க வேண்டும். கம்பு, சோளம், காராமணி, வேர்க்கடலை, வெண்டைக்காய், புளி எல்லாம் உள்ளூர் விளைச்சல். காலையில் தெருவோரம் 'கோகோ' என்று கம்பில் புளிக்கவைத்துக் காய்ச்சிய கஞ்சி விற்பார்கள், இஞ்சியும் கிராம்பும் போட்டு. கூடவே 'கோசே', காராமணி அரைத்துச் சுட்ட வடை. குழந்தை இரண்டையும் முதல் நாளே சாப்பிடும்.

பனீர் வேண்டுமென்றால் ஃபுலானிப் பெண்கள் விற்கும் 'வகாஷி' கேளுங்கள். பாலை எருக்கஞ்செடிச் சாறு விட்டுத் திரித்துச் செய்வது. வாங்கியதும் உப்புத் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டுப் பயன்படுத்துங்கள். வெயிலில் திறந்தே வைத்திருப்பார்கள். பொரித்தால் உடையாது.

அரிசியில்தான் பெரிய ஆறுதல். வடக்கு கானாவில் நெல்லைப் புழுக்கித்தான் குத்துகிறார்கள், ஆகவே உள்ளூர் அரிசியில் இட்லி வரும். ஆனால் நெல்லைத் தரையில் காயப்போடுவதால் கல் இருக்கும். தட்டில் புடைத்து, இரண்டு பாத்திரம் மாற்றி அரித்தெடுக்காமல் ஊறவைக்காதீர்கள். கிரைண்டர் கல்லும் பல்லும் தப்பும். நாலு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு உளுந்து. உளுந்து இங்கே கிடைக்காது; மூன்று பேருக்கு ஆறு மாதத்துக்கு ஏழெட்டுக் கிலோ கொண்டுவாருங்கள். துவரம்பருப்பு, பெருங்காயம், வெந்தயம், குக்கருக்கு இரண்டு கேஸ்கட், இவை போதும். ஹர்மட்டானில் இரவு 20 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்குவதால் மாவு பொங்கப் பதினான்கு மணி நேரம்கூட ஆகும், மேலே காய்ந்து தோல் கட்டும். ஈரத்துணி போட்டு மூடி அடுப்பு ஓரம் வையுங்கள். ஏப்ரலில் அதே மாவு ஐந்தாறு மணி நேரத்தில் புளித்துவிடும், இரவெல்லாம் வெளியே விடாதீர்கள். தேங்காய் தெற்கிலிருந்து வருவதால் விலை கூடுதல். சட்னிக்கு வேர்க்கடலைக்கு மாறிக்கொள்ளுங்கள்.

சந்தையில் தானியத்தைக் கிலோவில் விற்க மாட்டார்கள், 'போல்' (bowl, அளவுக் கிண்ணம்) கணக்கில்தான். ஒரு போல் மக்காச்சோளம் இரண்டரை, மூன்று கிலோ பிடிக்கும். குவித்து அளப்பதா, தலைதட்டியா என்று விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள். பெரிய சந்தை ஆறு நாளுக்கு ஒருமுறை சுற்றி வரும், கிழமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வயதானவர்கள் சிலர் இன்னும் பழைய 'செடி'யில் (cedi, கானாவின் நாணயம்) விலை சொல்வார்கள். 2007இல் 10,000 பழைய செடியை ஒரு புதிய செடி ஆக்கினார்கள். "இருபதாயிரம்" என்றால் இரண்டு செடி, பயப்படாதீர்கள்.

மின்சாரம் 230 வோல்ட், நம் மிக்ஸி ஓடும். ப்ளக் மட்டும் பிரிட்டிஷ் சதுர மூன்றுமுனை. அடாப்டரில் கிரைண்டரை ஓட்டினால் சூடேறி உருகும், ப்ளக்கையே மாற்றிவிடுங்கள். காஸ் சிலிண்டரை நிரப்பும் நிலையத்துக்கு நாமே தூக்கிப்போகணும். ரெகுலேட்டர் ஊரிலிருந்து வேண்டாம், பொருந்தாது.

பதில்:
உடம்பு விஷயம். இங்கே மலேரியா பெரும்பாலும் ஃபால்சிபாரம் என்ற ஆபத்தான வகை. நம் ஊரில் குளோரோகுயின் மாத்திரையில் சரியான காய்ச்சலை மனதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த மாத்திரை இதற்குக் கேட்காது, ஒன்றிரண்டு நாளில் மூளையைத் தாக்கக்கூடும். காய்ச்சல் வந்த அன்றே ரத்தப் பரிசோதனை, குழந்தைக்கு என்றால் அந்த மணி நேரத்திலேயே. முதல் மாதங்களுக்குத் தடுப்பு மாத்திரை எது என்று கிளம்பும் முன்பே டாக்டரிடம் கேளுங்கள், குழந்தைக்கு எடைப்படிதான் அளவு. மருந்து தோய்த்த வலை வருஷம் முழுக்க. விடுமுறைக்கு ஊருக்குப் போய்க் காய்ச்சல் வந்தால் "கானாவிலிருந்து வருகிறேன்" என்பதை டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள். அங்கே டெங்கு என்று நினைத்துக் காலம் கடத்திவிடுவார்கள்.

ஆப்பிரிக்காவில் மூளை உறைக் காய்ச்சல் (மெனிஞ்சைட்டிஸ்) அடிக்கடி பரவும் பட்டைக்குள் இருக்கிறது இந்த ஊர். வறண்ட மாதங்களில்தான் பரவும், நீங்கள் வருவதே அப்போதுதான். அதற்கான ஏசிடபிள்யூஒய் (ACWY) தடுப்பூசியை மூவரும் கிளம்பும் முன் போட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலோடு கழுத்து விறைத்தால் மருந்துக்கடை தேடாமல் நேராகத் தமாலே போதனா மருத்துவமனைக்குப் போங்கள்.

விவசாயத் திட்டம் என்பதால் இன்னொன்று: வயலில் முழுக்கால் பூட்ஸ், இரவில் டார்ச். நம் சுருட்டை விரியனின் மேற்கு ஆப்பிரிக்க இனம் இங்கே உண்டு. இந்தியப் பாம்புகளை வைத்துச் செய்த விஷமுறி மருந்து இதற்குச் சரியாக வேலை செய்வதில்லை. ஆகவே எந்த ஆஸ்பத்திரியில் ஆப்பிரிக்கப் பாம்புக்கான மருந்து இருப்பில் இருக்கிறது என்பதை விதைப்புக்கு முன்பே திட்ட அலுவலகம் விசாரித்து வைத்திருக்கணும்.

பதில்:
போக்குவரத்துக்கு மஞ்சள் ஆட்டோ, 'யெல்லோ யெல்லோ' என்பார்கள். டிவிஎஸ், பஜாஜ் வண்டிகள்தான், ஓசூரில் செய்தவையும் ஓடுகின்றன. பலரோடு ஏறினால் குறைந்த காசு. தனியாக வேண்டுமென்றால் 'டிராப்பிங்' என்று சொல்லி ஏறும் முன் விலை பேசுங்கள். வண்டிகள் வலப்பக்கம் ஓடும் நாடு. சாலையைக் கடக்கும்போது முதலில் இடப்பக்கம் பாருங்கள், மகளுக்கும் பழக்குங்கள். பைக்குகள் எந்தப் பக்கமிருந்தும் வரும்.

டகோம்பா மக்களின் ஊர், பெரும்பாலோர் முஸ்லிம்கள். பேச்சைத் தொடங்கும் முன் வணக்கம் சொல்லியே ஆகணும்: காலையில் "டசிபா", பதில் "நா". வணக்கமில்லாமல் விலை கேட்டால் முகம் சுளிப்பார்கள். இடது கையால் பணம் நீட்டாதீர்கள். வெள்ளி மதியம் தொழுகை முடியும் வரை கடை, ஆபீஸ் வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். டாக்போன் என்ற டகோம்பா அரசின் அரசருக்கு 'யா-நா' என்று பட்டம், அவர் இருக்கை கிழக்கே யெண்டியில். 2002இல் அரசர் கொல்லப்பட்டு, 2019இல்தான் புதிய யா-நா பட்டமேற்றார். பட்டத்துக்கு உரிமை கோரிய இரண்டு அரச குடும்பத்தாருக்கும் இன்னும் மனசில் வலி உண்டு. அலுவலகத்தில் அதைப் பற்றிக் கேள்வி கேட்காதீர்கள்.

காகிதம்: வெளிநாட்டவருக்கான 'கானா கார்டு' என்ற அடையாள அட்டை இல்லாமல் வங்கி, சிம் எல்லாம் நின்றுவிடும், முதல் வேலை அதுதான், வருஷாவருஷம் புதுப்பிக்கணும். பணம் பெரும்பாலும் 'மோமோ'வில் (மொபைல் மணி, கைபேசி வழிப் பணம்) போகும். "தவறி உங்களுக்கு அனுப்பிவிட்டேன், திருப்பி அனுப்புங்கள்" என்று அழைப்பு வந்தால் குறுஞ்செய்தியை நம்பாமல் இருப்பைப் பாருங்கள்; பின் எண்ணை யாருக்கும் சொல்லாதீர்கள். மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போடணும், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். அந்த மஞ்சள் அட்டை இங்கே நுழைய மட்டுமல்ல, இந்தியாவுக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள். இல்லாவிட்டால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். மூவரின் அட்டையையும் பாஸ்போர்ட்டோடு கைப்பையிலேயே வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள்.