ஜிபிஏ 2.87: மெடிக்கல் ஸ்கூலுக்கு இனி எந்த வழி?

வணக்கம். நியூ ஜெர்சியில் இருக்கிறேன். 2021-இல் பயாலஜி பட்டம் முடித்தபோது ஜிபிஏ (4-க்கு மதிப்பெண் சராசரி) 2.87. இரண்டாம் வருஷம் அப்பாவுக்கு டயாலிசிஸ். வாரம் மூன்று நாள் நான்தான் காரில் கூட்டிப் போவேன். ஆர்கானிக் கெமிஸ்ட்ரியில் சி வாங்கியது அப்போதுதான்.

பிறகு போஸ்ட்-பாக் (பட்டத்துக்குப் பின் எடுக்கும் கூடுதல் பாடங்கள்) 28 கிரெடிட், அதில் ஜிபிஏ 3.85. ஆர்கானிக்கைத் திரும்பப் படித்து ஏ எடுத்தேன். ஆனால் எம்டி (இங்கே வழக்கமான டாக்டர் பட்டம்) கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பச் சேவையான ஆம்காஸ் பழைய சி-யையும் சேர்த்தே கணக்குப் போடுகிறது. டிஓ (ஆஸ்டியோபதி வழி டாக்டர் பட்டம்) கல்லூரிகள் பக்கமும் 2017-லிருந்து அப்படித்தான். மொத்த ஜிபிஏ 3.05-ஐத் தாண்டவில்லை. மெடிக்கல் ஸ்கூல் நுழைவுத் தேர்வான எம்கேட்டில் 512. ஆம்புலன்ஸில் இஎம்டி (அவசர மருத்துவ உதவியாளர்) வேலை, இரண்டு வருஷம். போன முறை 22 எம்டி கல்லூரிகளுக்குப் போட்டேன், ஒரு இன்டர்வியூகூட வரவில்லை. விட்டுவிட மனசு வரவில்லை.

கடன் வாங்கி ஒரு வருஷ ஸ்பெஷல் மாஸ்டர்ஸ் (மெடிக்கல் ஸ்கூலுக்குத் தயார்செய்யும் முதுகலைப் படிப்பு) சேர்வதா, இல்லை வரும் மே மாதமே டிஓ கல்லூரிகளுக்கு விண்ணப்பிப்பதா?